தொண்டர் எனப் பெயரிட்டால் தொல்லை தீர்ந்ததா?



2022ஆம் ஆண்டு மே திங்கள் 22ஆம் நாள் ஜெனீவாவிலே ஆறு விருதுகள் அறிவிக்கப்பட்டன. அறிவித்தவர் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர். அவற்றுள் ஒன்று நம் நாட்டுப் பெண்களுக்கு வந்தது. கோட்டும் சூட்டும் அணிந்த நிபுணர்களுக்கன்று. பட்டிதொட்டியிலே கர்ப்பிணியின் கைபற்றி அழைத்துச் சென்று, பச்சைப் பிள்ளையின் எடை பார்த்து, காய்ச்சல் கண்டவன் வீட்டுக் கதவைத் தட்டி நிற்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட 'ஆஷா' பெண்களுக்கு! டில்லி பூரித்தது. வாழ்த்துச் செய்திகள் பறந்தன. பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டின.

நாமும் மகிழ்ந்தோம். மகிழ்ந்த கையோடு ஒன்று கேட்கிறோம். அந்தப் பெண்களைத் தொழிலாளர் என்று அழைக்க டில்லிக்கு நா எழுந்ததா? எழவில்லை. விருது வாங்கும் நேரத்தில் வீராங்கனை. ஊதியம் கேட்கும் நேரத்தில் தன்னார்வலர்! 2013ஆம் ஆண்டு மே திங்களில் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இத்தகைய திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்க வேண்டும், குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூவரும் சேர்ந்து அமர்ந்த மாநாடு அது. அன்று டில்லியில் இருந்தோர் போயினர்; வேறொருவர் வந்தனர். பரிந்துரை மட்டும் அலமாரியை விட்டு அசையவில்லை.

இதையெல்லாம் ஏன் இன்று எழுதுகிறோம்? நீலகிரித் தோழர்களுக்காக எழுதுகிறோம். தமிழகத்தின் சமவெளியில் ஆஷா இல்லை என்பதைப் பலர் அறியார். 2005 ஏப்ரலில் தேசிய ஊரக நல்வாழ்வு இயக்கம் தொடங்கியபோது, ஊர்தோறும் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கும் நம் மாநிலம், மலைப்பகுதிக்கும் பழங்குடி மக்கள் வாழும் பகுதிக்கும் மட்டுமே ஆஷாக்களை எடுத்துக்கொண்டது. மாநிலம் முழுவதிலும் சேர்த்து மூவாயிரத்துக்கும் குறைவானோரே. ஆகவே தமிழகத்தில் ஆஷாவின் வழக்கு என்பது மலையின் வழக்கு, காட்டின் வழக்கு.

அதற்குப் பின்னே, 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் திட்டம். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கு நாக்கூச்சம் கிடையாது. மூட்டு வலியோடு மலையேறி இறங்க முடியாத மூதாட்டிக்கு அது பெரும் பேறு. ஆனால் அத்திட்டத்தின் கால்கள் யாருடையவை? மகளிர் தன்னுதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுடையவை. அவர்களுக்கும் அதே பெயர்: பெண் சுகாதாரத் தன்னார்வலர்! மாதம் 4,500 ரூபாய் என்று தொடங்கிப் பின் 5,500 ஆயிற்று. அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, ஊக்கத்தொகையாம்!

பெயரில் என்ன இருக்கிறது என்பர் சிலர். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது, தோழர்களே! தொழிலாளி என்றால் வைப்பு நிதி உண்டு, பேறுகால விடுப்பு உண்டு, பணி முடிவில் பணிக்கொடை உண்டு, நீக்க வேண்டுமாயின் காரணம் காட்ட வேண்டும். தன்னார்வலர் என்றால்? வந்தால் வரவு, போனால் போகட்டும். அங்கன்வாடித் தாய்மார் வழக்கைப் பாருங்கள். 2006இல் உச்ச நீதிமன்றம், அவர்கள் வகிப்பது அரசுப் பதவியன்று என்றது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், குஜராத் மாநிலத்து வழக்கொன்றில், அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர் என்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது, ஒரு பெயரின் இறுக்கம் சற்றே தளர! 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், செயலி வழி உணவு கொண்டுவரும் இளைஞனுக்குத் தனிப் பெயர் கொடுத்து இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆஷாவின் பெயரை அதிலே விளக்கு வைத்துத் தேடினாலும் காண முடியாது.

இந்தத் தன்னார்வலர் தத்துவம் புதிதன்று. 1977 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளாகப் பார்த்து, ஜனதா அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஊருக்கொரு சமூக சுகாதாரப் பணியாளர். மூன்று மாதப் பயிற்சி. மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். மக்கள் நலம் மக்கள் கையில் என்றனர். முழக்கம் நன்று. நடந்தது என்ன? தேர்ந்தெடுக்கப்பட்டவருள் பெரும்பாலோர் ஆண்கள். பிள்ளைப்பேற்றுக்கு உதவ வேண்டிய இடத்தில் ஊர்ப் பெரியதனக்காரரின் மைத்துனர் வந்து அமர்ந்தார்! யாரை எடுத்தோம், ஏன் எடுத்தோம், அவர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்று கேட்க நாதியில்லை. 1981இல் பெயரை நல்வாழ்வு வழிகாட்டி என்று மாற்றினர். பெயர் மாறினால் பிணி தீருமா? ஆண்டுகள் செல்லச் செல்லத் திட்டம் ஆள் இல்லாத சாவடியாயிற்று.

உடனே ஒருவர் எழுந்து சீனத்தைக் காட்டுவார். வெறுங்கால் வைத்தியர் தொண்டு செய்யவில்லையா என்பார். செய்தனர். ஆனால் அவர்கள் வயிற்றைக் காயப்போட்டுச் செய்யவில்லை. வயலில் உழைத்தவனுக்கு எப்படி வேலைப் புள்ளி பதிவாயிற்றோ, அப்படியே மருந்துப்பை தூக்கியவனுக்கும் பதிவாயிற்று. அறுவடையில் பங்கு கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் கம்யூன்கள் கலைந்தன. புள்ளி போயிற்று, பங்கு போயிற்று, அதன் பின்னே வைத்தியரும் போயினர். 1985இல் அந்தப் பெயரையே சீன அரசு கைவிட்டது. சீனத்தைச் சான்றுக்கு அழைப்பவர் முழுச் சான்றையும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இனி நம் மலைக்கு வருவோம். நீலகிரியில் கணக்கு எழுதத் தெரியாதவர் யார்? ஒரு தோட்டத்தின் மஸ்டர் ஏட்டைப் பாருங்கள். இன்ன நாள், இன்ன மலை, இன்ன பெண், இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு தாள் விடாமல் எழுதியிருக்கும். தாமதமாக வந்தவள் பெயரும் இருக்கும். வராதவள் பெயரும் இருக்கும். அதற்கும் மேலே ஒன்று. 1971இல் உபாசி எனப்படும் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கத்தின் பொறுப்பிலே இந்த மலையின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டம் வந்தது. பெண் தொழிலாளி கருவுறாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 5 ரூபாய் அவள் பெயரில் வைப்பாக எழுதப்படும். பிள்ளை பெற்றால் பிடித்தம்! அவள் வயிற்றைக்கூட மாதந்தோறும் கணக்கில் வைத்த மலை இது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சங்கம், அந்த ஆண்டுகளில் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தே இணைப்புப் பணியாளர் என்று தொண்டர்களை எடுத்து, லைன் வீடுகளுக்கும் தோட்ட மருத்துவமனைக்கும் பாலமாக நிறுத்தியது. அதனால் விளைந்த நன்மையை மறுக்கவில்லை. ஆஷா என்ற எண்ணத்துக்கு முப்பது ஆண்டுக்கு முன்பே இம்மலையில் முன்னோடி உண்டு என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். நாம் சொல்ல வந்தது வேறு. முதலாளி வேண்டுமென்று நினைத்தால் இந்த மலையிலே எந்தக் கணக்கும் தவறாது. தவறுகிற கணக்கெல்லாம் உழைத்தவருக்குச் சேர வேண்டிய கணக்குத்தான்!

ஆஷாவுக்கான மத்திய அரசின் விதிகளைப் படித்துப் பாருங்கள். குறை சொல்ல முடியாத விதிகள். அந்த ஊரிலேயே நிலையாக வாழும் பெண்ணாக இருக்க வேண்டும். 25 முதல் 45 வயது. மணமானவர், கைம்பெண், மணவிலக்குப் பெற்றவர் ஆகியோர்க்கு முதலிடம். பத்தாம் வகுப்புப் படிப்பு விரும்பத்தக்கது. அத்தகையோர் கிடைக்காத இடத்தில் தளர்த்தலாம். சமவெளியில் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றால், மலையிலும் காட்டிலும் குடியிருப்புக்கு ஒருவர். தேர்வு கிராமசபையின் அறிவோடு நடக்க வேண்டும். பதவி விலகல் கடிதம் கொடுத்தவர், காரணமின்றித் தொடர்ந்து மூன்று கிராம நலவாழ்வு நாட்களுக்கு வராதவர் ஆகியோரை விலகியவராகக் குறித்து, புதியவரை எடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

அழகான விதி. மலையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் ஓட்டை தெரியும். நிலையாக வாழ்பவர் யார்? லைன் வீடு தோட்டத்தின் வீடு. வேலை போனால் வீடும் போகும். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட நம் மக்களுக்காக, 1968இல் தொடங்கப்பட்டதுதான் இன்றைய டேன்டீ. அதன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்டதை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022இல் ஆணை பிறந்தது. அந்த லைன்களில் வாழும் பெண்ணிடம் போய், நீ நிலையாக வாழ்பவளா என்று கேட்பது கேள்வியா, கேலியா?

கிராமசபை எங்கே? கூடலூர் ஒரு நகராட்சி. நெல்லியாளம் ஒரு நகராட்சி. நெல்லியாளத்துக்குப் போய் நகரத்தைத் தேடிப் பாருங்கள். தேயிலையும் காடும் யானையின் தடமும்தான் கண்ணில் படும். ஓவேலியும் தேவர்சோலையும் பேரூராட்சிகள். ஆட்சி ஏட்டில் நகரம், அடுப்படியில் காடு! கிராமசபை என்பது கிராம ஊராட்சிக்கு உரியது. ஆகவே பழங்குடியும் தோட்டத் தொழிலாளியும் நெருங்கி வாழும் இந்தப் பகுதிகளிலே, இவர்தான் எங்கள் ஆஷா என்று கை தூக்கிச் சொல்லும் சபை ஊருக்கு இல்லை. கிராம ஊராட்சிகள் இருக்கும் இடத்தின் கதையும் அறிந்ததே: 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர் ஆட்சி வந்தது. யாரைக் கேட்டு யாரை எடுப்பது?

மொழியைப் பற்றி விதியிலே ஒரு சொல்லேனும் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்குடிகளும் வாழும் மாவட்டம் இது. படகரின் ஹட்டி ஒருபுறம், தோடரின் மந்து ஒருபுறம், மலையாளமும் கன்னடமும் ஒருபுறம். அண்மைக் காலத்திலோ ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தோட்ட வேலைக்கு வந்திருக்கின்றனர். அந்த லைனில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தலை சுற்றுகிறது என்று தன் மொழியில் சொன்னால், அதைப் புரிந்துகொள்ளும் தொண்டர் எடுக்கப்பட்டிருக்கிறாரா? வயதும் வகுப்பும் எழுதும் படிவத்தில் மொழி என்று ஒரு கட்டம் சேர்க்க எத்தனை கோடி ஆகும்?

கூலிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை வீட்டுக்கு வந்தபின் ஆஷா ஆறு முறை சென்று பார்க்க வேண்டும்: 3ஆம் நாள், 7ஆம் நாள், 14, 21, 28, 42ஆம் நாள். ஆறுக்கும் சேர்த்து மத்திய அரசு வகுத்த தொகை 250 ரூபாய். ஒரு நடைக்கு 42 ரூபாய்கூடத் தேறவில்லை! 2025-26ஆம் ஆண்டில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். மலையில் ஒரு நடை என்பது தெருவைக் கடப்பதன்று. ஓடையைக் கடப்பது, சரிவை ஏறுவது, யானை போயிற்றா என்று நின்று கேட்பது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செண்டிமீட்டர் மழை கொட்டிய மலை இது. பேருந்து போகாத நாளிலும் 14ஆம் நாள் 14ஆம் நாள்தானே? இதைத் தவிர மாதாந்தரப் பணிக்கென ஒரு தொகை உண்டு. 2018இல் ஆயிரத்தை இரண்டாயிரமாக்கினர்; 2025 மார்ச்சில் மூவாயிரத்து ஐந்நூறாக்க இசைந்தனர். ஏழாண்டுக்கு ஒருமுறை இரக்கம் சுரக்கிறது!

கொழுந்து பறிக்கும் பெண் தொண்டராக வர முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரைநாளை ஊருக்கு ஒதுக்கினால் அவளுக்கு அரைநாள் கூலி போயிற்று. ஆகவே தோட்டத்தில் தொண்டராகக் கிடைப்பவர், ஒன்று வேலையிலிருந்து நின்ற முதியவர், இல்லையேல் வேறு வேலை கிடைக்கும்வரை காத்திருக்கும் இளம்பெண். இளம்பெண்ணுக்குத் திருப்பூரிலோ கோவையிலோ வேலை கிடைத்தால் அவள் போய்விடுவாள். அவளைக் குறை சொல்பவர் மனச்சாட்சியைத் தொட்டுப் பார்க்கட்டும். அவளுக்குக் கொடுத்த பயிற்சி அவளோடு போகிறது. அவள் அறிந்து வைத்திருந்த வீட்டு விவரமும் அவளோடு போகிறது. எத்தனை பயனாளர் என்ற எண்ணிக்கை மேடைதோறும் முழங்குகிறது. எத்தனை தன்னார்வலர் சேர்ந்தனர், எத்தனை பேர் விலகினர், ஏன் விலகினர், விலகிய இடம் எத்தனை மாதம் வெற்றிடமாகக் கிடந்தது என்ற எண்ணிக்கையை எந்த மேடையில் கேட்டோம்?

அந்த வீட்டு விவரம் எத்தகையது என்பதற்கு எல்லைக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. 2024 ஜூலை 30 விடியலில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. அங்கும் தேயிலை, அங்கும் தோட்டக் குடியிருப்பு; கூடலூரிலிருந்து கூப்பிடு தொலைவுதான். மீட்கப்பட்ட உடல்கள் யாருடையவை என்று சொல்ல உறவினரும் எஞ்சாத வேளையிலே, அடையாளம் காட்ட அழைக்கப்பட்டவருள் ஆஷா பணியாளரும் இருந்தனர். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் வந்தவர் அல்லவா? அந்த மாநிலத்திலேயே அடுத்த ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் முதல் ஆஷாக்கள் தலைமைச் செயலகத்தின் வாயிலில் இரவு பகலாக அமர்ந்தனர். மழையில் நனைந்தனர்; தலையை மழித்தனர். திருவனந்தபுரம் டில்லியைக் காட்டியது. டில்லி திருவனந்தபுரத்தைக் காட்டியது. 260 நாட்களுக்கு மேல் அமர்ந்தபின் கூடியது மாதம் ஓராயிரம் ரூபாய்.

இனி மறுப்புரைகளுக்கு வருவோம். ஊதியம் கொடுத்தால் தொண்டுள்ளம் செத்துவிடும் என்பது முதல் மறுப்பு. மாவட்ட ஆட்சியர் ஊதியம் பெறுகிறார். அவர் உள்ளம் செத்துவிட்டதா? மருத்துவர் பெறுகிறார், அமைச்சர் பெறுகிறார். உள்ளம் சாகும் நோய், மாதம் ஐயாயிரம் வாங்கும் பெண்ணுக்கு மட்டும் எப்படி வந்தது?

எல்லாவற்றையும் செயலியில் பதிகிறோம், இனி ஏடு எதற்கு என்பது அடுத்தது. செயலி எதைப் பதிகிறது? அவர் எத்தனை வீடு போனார், எத்தனை பேருக்கு அழுத்தம் பார்த்தார் என்று அவரிடமிருந்து வாங்க வேண்டியதைப் பதிகிறது. அவருக்குக் கொடுக்க வேண்டியதையும் பதியட்டுமே! எந்த நாளில் தேர்வானார், யார் முன்னிலையில் தேர்வானார், என்ன பயிற்சி பெற்றார், எந்த மாதத் தொகை எந்த நாளில் சேர்ந்தது, எத்தனை நாள் தாமதம்? செல்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத பள்ளத்தில் நின்று கையை உயர்த்தி உயர்த்தி அலை தேடும் பெண்ணுக்கு, பதிவு ஏறவில்லை என்பதற்காகத் தொகை குறைகிறதா இல்லையா என்பதும் அதில் தெரியட்டும்.

படிக்காத மலைமக்களைக் கொண்டு இதற்கு மேல் என்ன செய்வது என்று சில அதிகாரிகள் தணிந்த குரலில் சொல்வதுண்டு. அவர்கள் கூடலூருக்குப் போய் வரட்டும். அங்கே 'அஸ்வினி' தொடங்கப்பட்டது. 1990இல் ஆதிவாசி மருத்துவமனை எழுந்தது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் தோளோடு தோள் நின்று, பணியர், குறும்பர் குடிகளின் இளம்பெண்களையே ஊர்ப் பணியாளராகவும் செவிலியராகவும் பயிற்றுவித்தனர். காலப்போக்கில் அந்த மருத்துவமனையின் பொறுப்புகளையே அவர்கள் ஏற்றனர். வந்தவருக்குப் பெயர் இருந்தது, பயிற்சி இருந்தது, பணி இருந்தது, மேலே ஏறப் படி இருந்தது. ஆஷாவுக்குப் படி எங்கே? பத்தாண்டு நடந்தவரும் இன்று சேர்ந்தவரும் ஒரே தன்னார்வலர். உதகையில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2025 ஏப்ரலில் அதன் 700 படுக்கை மருத்துவமனையும் திறந்தார்கள். வரவேற்கிறோம். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. மலைக்குக் கட்டடம் புதிதன்று. மருந்துச் சீசாவுக்கும் மலைக்குடியின் வாசலுக்கும் இடையே உள்ள பத்து மைலை நடந்து கடப்பவரைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். மருத்துவக் கல்லூரியின் செவிலியர் பயிற்சியில் இவர்களுக்கு ஓரிரு இடம் ஒதுக்கினால் கட்டடம் இடிந்து விழுமா?

நீலகிரித் தோழர்கள் செய்ய வேண்டியது ஊர்வலம் மட்டுமன்று. ஊர்வலம் பின்னே வரட்டும். முதலில் கணக்கைக் கேளுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது; கட்டணம் 10 ரூபாய்; பதிலுக்குத் தவணை 30 நாள். கூடலூர், உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய நான்கு வட்டாரத்திலும் எத்தனை குடியிருப்பு, எத்தனை ஆஷா, எத்தனை பெண் சுகாதாரத் தன்னார்வலர், கடந்த ஐந்தாண்டில் சேர்ந்தவர் எத்தனை, விலகியவர் எத்தனை, வெற்றிடம் நிரம்ப எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். பெண்களின் பெயரைக் கேட்க வேண்டாம், எண்ணைக் கேளுங்கள். அவர்களை மேலிடத்துக் கோபத்துக்கு ஆளாக்குவது நம் வேலையன்று. கிராமசபை உள்ள இடத்தில் அங்கே கேளுங்கள். இல்லாத நெல்லியாளத்திலும் ஓவேலியிலும் வார்டு உறுப்பினரை மன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். லைன்களுக்குப் போகும் தோழர்கள், எந்த லைனில் எந்த மொழி பேசும் குடும்பங்கள் உள்ளன என்று குறித்து வாருங்கள். படகமும் மலையாளமும் தெரிந்தவர்களைக் கூட அழைத்துப் போங்கள். ஜார்க்கண்டுக் குடும்பங்களிடம் பேசத் தெரிந்தவர் நம்மிடம் இல்லையென்றால், அக்குடும்பங்களில் தமிழ் கற்றுவிட்ட பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

கூடலூர் வட்டாரத்திலிருந்து வரும் விடையை முதலில் இதே பகுதியில் அச்சிடுவோம். விடை வராவிட்டால், வராத நாட்களின் எண்ணிக்கையை அச்சிடுவோம்.